நகராட்சி, நகரசபை, நகர்மன்றம்: எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

களியக்காவிளையிலிருந்து வாளையார் வரைக்கும், வடக்கே ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதியைப் பற்றியவை. முனிசிபாலிட்டி என்ற சொல்லுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர். பெயர் மாறினால் மனு வேறு மேசைக்குப் போய்விடுகிறது, ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீணாகின்றன. அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: பொள்ளாச்சியில் ‘நகராட்சி’ என்கிறார்கள். பாலக்காட்டில் போர்டு ‘நகரசபா’ என்கிறது. பத்திரிகையில் ‘நகர்மன்றம்’ என்று வருகிறது. மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. தமிழ்நாட்டு வழக்கில் ‘நகராட்சி’ என்பது அமைப்பின் பெயர். எல்லை, அலுவலகம், ஊழியர், வரி, குடிநீர்க் குழாய் எல்லாம் அதற்குள் அடக்கம். ‘நகர்மன்றம்’ என்பது அந்த அமைப்புக்குள், வார்டுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடி முடிவெடுக்கும் அவை. ஆகவே நகர்மன்றம் தீர்மானம் போடும், நகராட்சி சாலை போடும். ‘நகர்மன்றம் குப்பை அள்ளவில்லை’ என்று எழுதினால் பொருள் பிசகுகிறது. மாநகராட்சியில் இதே அவைக்கு மாமன்றம் என்று பெயர், உறுப்பினர் மாமன்ற உறுப்பினர். பேரூராட்சியில் பேரூராட்சி மன்றம்.

மலையாளத்தில் இந்தப் பிரிப்பு இல்லை. ‘நகரசபா’ என்ற ஒரே சொல் அமைப்பையும் குறிக்கும், அவையையும் குறிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பாலக்காடு, சித்தூர்–தத்தமங்கலம், ஒற்றப்பாலம் போன்ற முனிசிபாலிட்டிகளுக்கும் நகரசபா என்றே பெயர், திருவனந்தபுரம் கார்ப்பரேஷனும் தன்னை நகரசபா என்றே எழுதிக்கொள்கிறது. அதைப் பார்த்துத் தமிழில் ‘திருவனந்தபுரம் நகராட்சி’ என்று பெயர்ப்பவர்கள் ஒரு படியைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். மேயர் இருக்கும் இடம் என்றால் தமிழில் மாநகராட்சி என்றே எழுத வேண்டும். கேரளத்தில் அப்படி ஆறு உண்டு: திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர். கண்ணூர் 2015இல் சேர்ந்தது. மற்ற 87 நகரசபைகளும் நம் கணக்கில் நகராட்சிகள்தாம்.

சட்டப் புத்தகம் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் ‘முனிசிபாலிட்டி’ என்பது பொதுப்பெயர். பேரூராட்சி நிலை, நகராட்சி நிலை, மாநகராட்சி நிலை மூன்றுக்கும் சேர்த்து அந்தச் சொல்லையே 243பி (243P) பிரிவு கையாள்கிறது. தெருவில் நாம் சொல்லும் முனிசிபாலிட்டி அவற்றில் நடுவில் இருப்பது மட்டும். அரசியல் சட்டத்தைத் தமிழில் விளக்கும்போது அந்த இடத்தில் ‘நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பு’ என்று எழுதினால்தான் சரியாக இருக்கும்.

‘நகரசபை’ என்ற சொல் தமிழுக்கும் புதிதல்ல. பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் அதுதான் வழக்கு, இலங்கைத் தமிழில் இன்றும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்றே சட்டப் பெயர்கள். இன்னும் பின்னே போனால் சோழர் காலத்தில் ‘நகரம்’ என்ற சொல்லே ஓர் ஆட்சி அவையைக் குறித்தது. வேளாண் மக்கள் ஊரின் அவை ‘ஊர்’, பிராமணருக்குத் தானமாகத் தந்த பிரமதேய ஊரின் அவை ‘சபை’, வணிகர் ஊரின் அவை ‘நகரம்’. அந்த நகரத்தில் உறுப்பானவர்கள் நகரத்தார். சங்கப் பாடல்களிலோ ‘நகர்’ என்றால் மாளிகை, கோயில் என்று பொருள் வரும். வீட்டைக் குறித்த சொல் வணிகரவையைக் குறித்து, பிறகு ஊரையே குறிக்க வந்திருக்கிறது. நகராட்சி என்ற இன்றைய சொல்லுக்குள் இவ்வளவு பழைய அடுக்கு இருக்கிறது என்பது எங்களுக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

கம்பம் வாசகர்: எங்கள் கம்பம் நகராட்சி. மலையேறிப் போனால் குமுளி, மூணாறு எல்லாம் பெரிய டவுன், ஆனால் கிராமப் பஞ்சாயத்து என்கிறார்கள். பக்கத்திலேயே இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்?

உங்கள் தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், சின்னமனூர், போடிநாயக்கனூர், பெரியகுளம், தேனி–அல்லிநகரம் என்று ஆறு நகராட்சிகள். மலைக்கு மேலே இடுக்கி மாவட்டம் முழுவதிலும் தொடுபுழை, கட்டப்பனை என்று இரண்டுதான். கட்டப்பனையும் 2015இல்தான் நகரசபை ஆனது. குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு, தேவிகுளம் எல்லாம் கிராமப் பஞ்சாயத்துகள்.

ஊரில் எத்தனை கடை, எத்தனை லாட்ஜ் என்று பார்த்து யாரும் பெயர் வைப்பதில்லை. மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் ஓர் ஊர் நகராட்சி ஆகும். எவற்றைக் கவனித்து அறிவிக்க வேண்டும் என்பதை 243க்யூ பிரிவு சொல்கிறது: மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர்களின் விகிதம், ஊரின் பொருளாதார முக்கியத்துவம். எண்ணிக்கை எவ்வளவு என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை, அதை மாநிலத்தின் கையில் விட்டிருக்கிறது.

இதில் இரு மாநிலங்களும் வேறு வேறு வழியில் போயின. தமிழ்நாட்டில் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நடுவே பேரூராட்சி என்ற படி இருக்கிறது. 2022 பிப்ரவரித் தேர்தல் சமயத்தில் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி. 2024இல் திருவண்ணாமலை, நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி மாநகராட்சிகளானதும் 25 ஆயிற்று. கேரளத்தின் 1994ஆம் ஆண்டு முனிசிபாலிட்டிச் சட்டத்தில் டவுன் பஞ்சாயத்து என்ற படி எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அப்படி ஓர் உள்ளாட்சி கூட அங்கே இயங்கவில்லை. கிராமப் பஞ்சாயத்திலிருந்து நேரே நகரசபைதான். அங்கே கிராமப் பஞ்சாயத்துகள் நம் ஊராட்சிகளைவிடப் பலமடங்கு பெரியவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கேரளத்தில் அவை 941, தமிழ்நாட்டில் ஊராட்சிகள் 12,000க்கு மேல். நம் பக்கத்தில் பேரூராட்சி அளவில் இருக்கும் ஊர் அந்தப் பக்கம் கிராமப் பஞ்சாயத்தாகவே தங்கிவிடுவதற்கு இதுதான் காரணம்.

கணக்கெடுப்புக்காரர்கள் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேர், வேலை செய்யும் ஆண்களில் முக்கால் பங்கினர் விவசாயத்துக்கு வெளியே என்று இருந்தால் அந்த ஊரைக் ‘கணக்கெடுப்பு நகரம்’ என்று எழுதிக்கொள்வார்கள். 2011இல் கேரளத்தில் அப்படி 461 இடங்கள். புள்ளிவிவரத்தில் நகரம், ஆட்சியில் கிராமம். பள்ளிப் பாடத்தில் இதைப் படித்துவிட்டுக் குழம்பும் பிள்ளைகளுக்கு இதைப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்.

ஊர் நகராட்சி ஆவதை எல்லாரும் விரும்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊரகத்துக்கென்று வைத்த வேலைத் திட்டம், நம் ஊரில் நூறு நாள் வேலை என்று சொல்வது, ஊராட்சி எல்லைக்குள்தான் செல்லும். வரியும் கட்டணமும் ஏறும். அறிவிக்கை வரைவு வெளிவந்ததும் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் கொடுப்பார்கள். அந்த நாட்களில் எழுதிக் கொடுக்காமல், பலகை மாறிய பிறகு போய்க் கேட்டுப் பயனில்லை.

செங்கோட்டை வாசகி: பேரூராட்சிக்கு மலையாளத்தில் என்ன சொல்வது?

நேர்ச்சொல் வழக்கில் இல்லை, அந்த அமைப்பே அங்கு இல்லையே. ‘டவுன் பஞ்சாயத்து’ என்று சொன்னால் புனலூர்க்காரருக்கும் புரியும். சொல்லைப் பிரித்துக் கேட்டிருந்தீர்கள்: பெருமை + ஊர் = பேரூர், ‘மை’ கெட்டு முதலெழுத்து நீண்டது. பேரூர் + ஆட்சி = பேரூராட்சி. வல்லினம் வந்தால் மிகும்: நகராட்சிப் பள்ளி, பேரூராட்சித் தலைவர், மாநகராட்சிக் கூட்டம். பலகை எழுதுபவர்கள் அந்த ஒற்றை விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

கஞ்சிக்கோடு வாசகர்: இங்கே வீடு கட்டி மூன்று வருடம் ஆகிறது. வங்கியில் ‘கரம் அடைத்த ரசீதி, கைவச சர்டிபிக்கேட், உடமஸ்தாவகாச சர்டிபிக்கேட்’ கொண்டுவரச் சொன்னார்கள். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால் பாதி இங்கே இல்லை என்கிறார்கள். எதை எங்கே வாங்குவது?

எல்லைத் தமிழர்கள் அதிகமாக அலைவது இந்த மூன்று காகிதத்துக்குத்தான். முதலில் சொற்களை அவிழ்ப்போம்.

மலையாளத்தில் ‘அவகாசம்’ என்பதன் பொருள் உரிமை. நமக்கு அவகாசம் என்றால் கால இடைவெளி. ‘உடமஸ்தாவகாசம்’ என்றால் உடைமையாளர் உரிமை. இது நிலத்துக்கு அல்ல, கட்டடத்துக்கு, அதாவது அந்த எண்ணுள்ள வீடு உள்ளாட்சிப் பதிவேட்டில் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்கான சான்று. எனவே அதைத் தருவது பஞ்சாயத்து, நகரசபை எல்லைக்குள் என்றால் நகரசபை. ‘கைவசம்’ என்பது நிலம் உங்கள் அனுபோகத்தில் இருக்கிறது என்பது. அதைத் தருவது வருவாய்த் துறை, அதாவது வில்லேஜ் ஆபீஸ். நம்மூர் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஈடானது அது. பஞ்சாயத்து ஆபீசும் வில்லேஜ் ஆபீசும் பல ஊர்களில் அருகருகே இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். முன்னது உள்ளாட்சி, பின்னது மாநில அரசின் வருவாய்த் துறை.

வரியிலும் அப்படித்தான், மூன்று வேறு வரிகள். நிலத்துக்குக் கட்டுவது ‘பூ நிகுதி’. பேச்சில் ‘கரம்’ என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் இதுதான், வில்லேஜ் ஆபீஸ் கணக்கில் சேரும். வீட்டுக்கு ஆண்டுதோறும் கட்டுவது ‘வஸ்து நிகுதி’, உள்ளாட்சிக்கு உரியது. மூன்றாவது, வீடு கட்டி முடித்ததும் ஒரே ஒரு முறை வருவாய்த் துறைக்குக் கட்டும் கட்டட வரி. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தாசில்தார் நிர்ணயிப்பது, 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வரும். இந்த மூன்றாவதின் சரியான பெயர்தான் ‘கெட்டிட நிகுதி’. ஆனால் வீதியில் வஸ்து நிகுதியையும் கெட்டிட நிகுதி என்றே சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ‘கெட்டிட நிகுதி கட்டியாயிற்று’ என்று பஞ்சாயத்து ரசீதைக் கையில் வைத்திருப்பவருக்குத் தாலுக்கா அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் தவறாக அனுப்பிவிட்டார்கள் என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அது வேறு வரி.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பத்திரம், போக்குவரவு முடிந்த விவரம், கடைசி பூ நிகுதி ரசீது ஆகியவற்றுடன் வில்லேஜ் ஆபீசில் கைவசச் சான்று கேளுங்கள். இங்கே ‘போக்குவரவு’ என்றால் வண்டி வாகனம் அல்ல, பட்டா மாற்றம். வஸ்து நிகுதியில் நிலுவை இல்லாமல் கட்டிவிட்டு, அந்த ரசீதுடன் பஞ்சாயத்தில் உடமஸ்தாவகாசச் சான்று கேளுங்கள். நிலுவை இருந்தால் அதைக் கட்டச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். இரண்டு காகிதத்திலும் உங்கள் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். நம்மவர்களுக்கு மனு திரும்புவது பெரும்பாலும் இதில்தான். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம், அங்கே வீட்டுப்பெயரின் எழுத்தைப் பின்னால் போடும் பழக்கம் இருக்கிறது. ‘எஸ். முருகேசன்’ ஒரு காகிதத்திலும் ‘முருகேசன் எஸ்.’ இன்னொன்றிலும் இருந்தால் வங்கி கேள்வி கேட்கும்.

வீட்டு எண்ணையும் பாருங்கள். கேரளத்தில் வார்டு எண், சாய்கோடு, வீட்டு எண் என்று எழுதுவார்கள். வார்டு மறுவரையறை நடந்தால் முன்பாதி மாறிவிடும். பழைய எண் மின்கட்டண அட்டையிலும் புதிய எண் சான்றிதழிலும் இருப்பது பிழை அல்ல. இரண்டும் ஒரே வீடு என்று உள்ளாட்சியிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் ஒப்பிட்டுப் பார்க்க: ஊராட்சியில் கட்டுவது வீட்டு வரி, பேரூராட்சி முதல் மேலே எல்லாவற்றிலும் சொத்து வரி. நகர்ப்புறத்தில் சொத்து வரி அரையாண்டுக் கணக்கு, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் தள்ளுபடி. விட்டால் மாதம் 1 சதவீதம் கூடுதல்.

அதே ஊரிலிருந்து வேறொரு வாசகர்: நோட்டீசில் ‘பிழ’ என்று போட்டிருக்கிறது. என்ன பிழை செய்தேன் என்று தெரியவில்லை.

மலையாளத்தில் ‘பிழ’ என்பது அபராதம். ‘பிழப்பலிச’ என்றால் அபராத வட்டி, ‘குடிச்சிக’ என்றால் நிலுவை. கட்டணம் தாமதமாகியிருக்கிறது, அவ்வளவுதான். இதே போலக் கவிழ்க்கும் சொற்கள் இன்னும் உண்டு. ‘யோகம்’ என்றால் கூட்டம். ‘அங்கம்’ என்றால் உறுப்பினர். ‘பரணசமிதி’ என்றால் ஆட்சிக் குழு, நகரசபைக்கு அதுவே மன்றம். ‘அத்யக்ஷ’ என்றால் தலைவி. ‘அபேக்ஷ’ என்றால் விண்ணப்பம். நம் பழைய தமிழில் வேட்பாளரை அபேட்சகர் என்றோம், அதே வேர். ‘தத்தேச சுயம்பரணம்’ என்பது உள்ளாட்சி. இதை வெட்டி விண்ணப்பக் கோப்பின் உள்ளட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டால் உதவும்.

ஆனைமலை வாசகி: மகளுக்குப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பிரசவம். நாங்கள் இருப்பது ஆனைமலை பேரூராட்சியில். பிறப்புச் சான்று எங்கே வாங்க வேண்டும்?

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கே. 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் குடியிருப்பைப் பார்ப்பதில்லை, நிகழ்விடத்தைத்தான் பார்க்கிறது. எனவே உங்கள் பேரூராட்சியில் பதிவு செய்ய முடியாது.

அடுத்து ஆஸ்பத்திரி எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று பாருங்கள். விலாசத்தில் பாலக்காடு என்று இருப்பதால் மட்டும் பாலக்காடு நகரசபை என்று முடிவு செய்யாதீர்கள். ஊருக்கு வெளியே உள்ள ஆஸ்பத்திரிகள் ஏதாவது ஒரு கிராமப் பஞ்சாயத்தில் இருக்கலாம். டிஸ்சார்ஜ் செய்யும் நாளன்று மேசையில் ‘எந்த யூனிட்டில் பதிவாகும்’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தகவல் அனுப்புவது ஆஸ்பத்திரியின் கடமை, நீங்கள் தனியாகப் போய்ப் பதிய வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் நிரப்பும் படிவத்தைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். தாய், தந்தை பெயரின் ஆங்கில எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். தமிழ்ப் பெயரை மலையாள ஒலிக்கு எழுதினால் ழகரம், றகரம், கடைசி நகரம் எல்லாம் மாறிப்போகும். பதிவான பின் திருத்தினால் பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். அதற்கு ஆவணம் காட்ட வேண்டும், நாளும் ஆகும்.

நாள் கணக்கு: 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்குப் பின் ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளரின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் மாவட்ட அல்லது கோட்ட நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும். பெயர் வைக்காமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே பிறந்த தேதிக்கான ஆவணம் என்று சட்டம் சொல்வதால், பெயர் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், அம்மா.

எல்லையில் அடிக்கடி நடக்கும் இன்னொன்று, ஆம்புலன்சிலேயே பிறந்துவிடுவது. ஓடும் வண்டியில் பிறந்தால் வண்டி முதலில் நின்ற இடத்தில் பதிய வேண்டும் என்பது விதி. வாளையாருக்கு அந்தப் பக்கம் நின்றதா, இந்தப் பக்கம் நின்றதா என்பதை ஓட்டுநரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறையூர் வாசகர்: மனுவை யார் பெயருக்கு எழுதுவது? தமிழில் எழுதினால் வாங்குவார்களா?

தமிழ்நாட்டில் மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் ஆணையர், பேரூராட்சிக்குச் செயல் அலுவலர். கேரளத்தில் கார்ப்பரேஷன், நகரசபை, கிராமப் பஞ்சாயத்து எதுவானாலும் செயலாளர். ‘ஆணையர், பாலக்காடு நகரசபை’ என்று எழுதினால் அப்படி ஒரு பதவியே அங்கு இல்லை. தலைவருக்கு எழுதுவது கோரிக்கைக்கு, செயலாளருக்கு எழுதுவது விண்ணப்பத்துக்கு. சான்றிதழ், வரி, அனுமதி எதுவும் தலைவர் கையெழுத்தில் வருவதில்லை. ஆகவே நகல் வேண்டுமானால் தலைவருக்கு, மூலம் செயலாளருக்கு. ஏற்புச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

மொழியைப் பொறுத்தவரை, கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும் என்கிறது. அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவும் குறையைத் தெரிவிக்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. தமிழ் மனுவைத் திருப்பினால் இந்த இரண்டையும் மனுவின் முதல் வரியிலேயே குறிப்பிட்டுத் தபாலில் பதிவு செய்து அனுப்புங்கள். கணினிப் படிவமாக இருந்தால் மட்டும் பெயர், சர்வே எண், வீட்டு எண்ணை ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தட்டச்சு செய்பவர் தமிழைக் காதால் கேட்டு எழுதும்போது வரும் பிழையை அது தடுக்கும்.

கொல்லங்கோடு வாசகர்: ஆன்லைனில் வரி கட்டியது வேறு ஊர்க் கணக்கில் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். எப்படி?

உங்கள் கடிதத்தில் மாவட்டம் எழுதவில்லை, பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. குமரி மாவட்டக் கொல்லங்கோடு 2021இல் நகராட்சி ஆனது, பாலக்காட்டு மாவட்டக் கொல்லங்கோடு கிராமப் பஞ்சாயத்து. கூடலூர் என்று தமிழ்நாட்டில் மூன்று நகராட்சிகள்: தேனியில், நீலகிரியில், கோவையில். கேரளத்துச் சித்தூர் நகரசபை, ஆந்திரத்துச் சித்தூர் மாநகராட்சி. திரையில் முதலில் மாவட்டம், பிறகு உள்ளாட்சி வகை, பிறகுதான் ஊர் என்ற வரிசையில் தேர்ந்தெடுங்கள். பணம் செலுத்தும் முன் திரையில் வரும் உரிமையாளர் பெயர் உங்களுடையதா என்று பாருங்கள். தவறிப் போன பணத்துக்கு, ரசீது எண்ணுடன் இரண்டு உள்ளாட்சிக்கும் எழுத வேண்டும். பணம் பெற்ற ஊர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே திரும்ப வரும்.

ஊத்துக்கோட்டை வாசகர்: தெலுங்குப் பலகையில் ‘நகரபாலக சம்ஸ்த’ என்று இருந்ததை நகராட்சி என்று மொழிபெயர்த்தேன். தவறு என்கிறார் நண்பர்.

நண்பர் சொல்வது சரி. தெலுங்கில் முனிசிபாலிட்டி ‘புரபாலக சங்கம்’, கார்ப்பரேஷன்தான் ‘நகரபாலக சம்ஸ்த’. அவர்களுக்குப் புரம் சிறியது, நகரம் பெரியது. நமக்கு நகர் நடுவில், ‘மா’ சேர்ந்தால்தான் பெரியது. ‘நகர பஞ்சாயதி’ என்று கண்டால் அது நம் பேரூராட்சி நிலை.

களியக்காவிளை வாசகர்: சுவரொட்டியில் ‘15ஆவது வட்டம்’ என்கிறார்கள். வட்டம் என்றால் தாலுக்கா அல்லவா?

அரசு ஆவணத்தில் வட்டம் என்றால் தாலுக்காதான், வட்டாட்சியர் என்பவர் தாசில்தார். கட்சிக்காரர்கள் நகர்ப்புற வார்டை வட்டம் என்பது அவர்கள் அமைப்பு வழக்கு. மனுவில் ‘வார்டு’ என்றே எழுதுங்கள். விளவங்கோடு வட்டம், களியக்காவிளை பேரூராட்சி, பிறகு வார்டு எண், தெரு என்று வரிசையாக வந்தால் எந்த மேசையிலும் குழப்பம் வராது.